1918ஆம் ஆண்டுக் கொள்ளைநோயும் நம் தோட்டத்து லயங்களும்



2025ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நாடு முழுவதும் ஏறத்தாழ 6,000 மாணவர்கள் சளிக்காய்ச்சலால் பாதிக்கப்பட்டதாகக் கல்வி அமைச்சு அறிவித்தது. சில பள்ளிகள் சில நாள்கள் மூடப்பட்டன. இங்கே செராஸ் வட்டாரத்துப் பெற்றோர் பலர் அப்பொழுது என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "டீச்சர், இது சாதாரணச் சளிதானே?"

சாதாரணச் சளி அன்று. 'சளிக்காய்ச்சல்' என்று நாம் வழங்கும் பெயரே அந்த நோயை எளிதாக நினைக்க வைத்துவிடுகிறது என்று எனக்கு அடிக்கடி தோன்றுவதுண்டு. சாதாரணச் சளி மூக்கில் தொடங்கி மெல்ல மெல்ல வரும். எப்பொழுது தொடங்கியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இன்புளுவென்சாவோ திடீரெனத் தாக்கும். காலையில் சபைகூடலில் நன்றாக நின்ற பிள்ளை, இடைவேளைக்குப் பிறகு மேசைமேல் தலை கவிழ்ந்து கிடக்கும். கடுங்காய்ச்சல், தலைவலி, முதுகிலும் கால்களிலும் அடித்துப் போட்டாற் போன்ற வலி, வறட்டு இருமல், எழுந்து நடக்க முடியாத சோர்வு ஆகியவை இதன் குறிகள். பெரும்பாலோர் ஒரு வாரத்தில் தேறிவிடுவர். ஆனால் இதே நோய் நூறு ஆண்டுகளுக்கு முன்னர் நம் முன்னோரின் லயங்களில் புகுந்தபொழுது என்ன நடந்தது என்பதை நம்மில் மிகச் சிலரே அறிவோம்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் படித்த வரலாற்றில் 1918 என்றால் முதல் உலகப் போர் முடிந்த ஆண்டு, அவ்வளவே. அந்தப் போரில் மாண்டவர்களைக் காட்டிலும் மிகுதியானோர் அதே ஆண்டின் கொள்ளைநோயில் மாண்டனர் என்பது பின்னர்த் தேடிப் படித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. உலக மக்களுள் மூன்றில் ஒரு பங்கினர், அதாவது ஏறத்தாழ 500 மில்லியன் பேர், நோயுற்றனர். 50 மில்லியன் வரை இறந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. 'ஸ்பானியக் காய்ச்சல்' என்ற பெயர் ஸ்பெயினுக்கு இழைக்கப்பட்ட அநீதி. போரில் ஈடுபட்ட நாடுகள் செய்தித்தாள்களைத் தணிக்கை செய்தன. போரில் சேராத ஸ்பெயினின் தாள்கள் தம் மன்னர் அல்போன்சோ நோயுற்றது வரை வெளிப்படையாக எழுதின. உண்மையை எழுதிய நாட்டின் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது!

மலாயாவுக்கு அந்நோய் இரண்டு அலைகளாக வந்தது. சிங்கப்பூரில் 1918 ஜூன், ஜூலை மாதங்களில் முதல் அலை. அது ஓரளவு மென்மையானது. அக்டோபர், நவம்பரில் வந்த இரண்டாவது அலைதான் உயிர்களைக் கொண்டுபோயிற்று. சிங்கப்பூரில் மட்டும் 2,870 பேருக்கு மேல் இறந்தனர். மலாயா முழுமைக்கும் ஏறத்தாழ 35,000 பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. வரலாற்றாசிரியர் லியூ காய் கியூன் 2007இல் இதைப் பற்றி விரிவான ஆய்வுக்கட்டுரை ஒன்று எழுதினார். 1921ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி சிங்கப்பூரையும் சேர்த்து மலாயாவின் மக்கள்தொகை 3.3 மில்லியனைச் சற்றே தாண்டியிருந்தது. ஆக, நூற்றுக்கு ஒருவர் ஓரிரு மாதங்களுக்குள் மறைந்தனர் எனலாம்.

துறைமுகங்களை மூடியிருந்தால் தடுத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். பசிபிக் பெருங்கடலில் சமோவாத் தீவுகளைப் பாருங்கள். நியூசிலாந்தின் ஆட்சியில் இருந்த மேற்குச் சமோவாவில் 1918 நவம்பர் 7ஆம் நாள் 'தலுனே' என்னும் கப்பல் நோயாளிகளுடன் வந்து சேர்ந்தது; அத்தீவு மக்களுள் ஐந்தில் ஒருவருக்கு மேல் இறந்தனர். அருகிலேயே இருந்த அமெரிக்கச் சமோவாவின் ஆளுநர் கப்பல்களைத் தடுத்து நிறுத்தினார்; அங்கே ஒருவர்கூட இறக்கவில்லை. ஆனால் மலாயா அப்படி ஒதுங்கி நிற்கக்கூடிய நாடாக இல்லை. ரப்பரும் ஈயமும் வெளியே போக வேண்டும். அரிசியும் ஆள்களும் உள்ளே வர வேண்டும். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் புறப்பட்ட கப்பல்கள் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) ஆள்களை இறக்கின. தடுத்துவைப்பு முகாம்கள் இருந்தன. பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவு அவற்றுள் ஒன்று. அவை அம்மையையும் காலராவையும் மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. ஓரிரு நாளில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தாவிவிடும் காய்ச்சலுக்கு அவை அணையாக நிற்கவில்லை.

இனி லயத்துக்கு வருவோம். இன்று அடுக்குமாடி வீடுகளும் பேரங்காடிகளும் நிறைந்திருக்கும் செராஸ், அன்று ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் சூழ்ந்த பகுதி. கோலாலம்பூரிலிருந்து காஜாங் வரை, கிள்ளானிலிருந்து கடற்கரை வரை அதே காட்சிதான். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அடைந்த சிறு அறைகள். ஓர் அறையில் ஒரு குடும்பம், அல்லது மணமாகாத ஆண்கள் பலர். விடிவதற்கு முன்னர்ப் பெரட்டுக் களத்தில் அனைவரும் அருகருகே நின்று பேர் கொடுக்க வேண்டும். பிள்ளைகளெல்லாம் ஒரே ஆயாக் கொட்டகையில். மூச்சுக்காற்றால் பரவும் நோய்க்கு இதைவிட வசதியான ஏற்பாட்டை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது.

நோயுற்றவரைத் தோட்டத்து டிரசர் பார்ப்பார். அவர் கையில் என்ன இருந்தது? கொய்னா மாத்திரை. மலேரியா மலிந்த நாட்டில் காய்ச்சல் என்றால் முதலில் கொய்னாதான். குளிர் நடுக்கத்துடன் வந்து, வியர்த்து விட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் திரும்பும் மலேரியாவை அவர் நன்கறிவார். இக்காய்ச்சலோ விடாது நின்றது. இருமலும் உடல்வலியும் கூட வந்தன. ஒரே நாளில் ஒரு வரிசையே படுத்தது. கொய்னா இதற்கு ஒன்றும் செய்யாது. பெருமருத்துவர்களும் அன்று இருளில்தான் இருந்தனர். நோய்க்குக் காரணம் 1892இல் பைபர் கண்டறிந்த ஒரு பாக்டீரியா என்றே பலரும் நம்பியிருந்தனர். மனிதரைத் தாக்கும் இன்புளுவென்சா நச்சுயிரி 1933இல்தான் இங்கிலாந்தில் பிரித்தெடுக்கப்பட்டது. 1918ஆம் ஆண்டு நச்சுயிரியின் முழு மரபமைப்பும் 2005இல் வெளியாயிற்று. அதற்கு உதவியவற்றுள் ஒன்று அலாஸ்காவின் உறைபனி நிலத்தில் புதைக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணின் நுரையீரல்.

1918இல் மருத்துவர்களை அச்சுறுத்திய குறிகள் இரண்டு. முதலாவது, தேறி வருவது போல் தோன்றிய நோயாளிக்குச் சில நாள்களில் மீண்டும் காய்ச்சல் ஏறுவது. நச்சுயிரி நுரையீரலின் உட்சுவரைப் புண்ணாக்கிவிட, தொண்டையில் ஏற்கெனவே குடியிருந்த பாக்டீரியாக்கள் உள்ளே இறங்கிச் சளிச்சுரத்தை, அதாவது நிமோனியாவை, உண்டாக்கின. இறந்தவர்களுள் பெரும்பாலோர் இவ்வாறே இறந்தனர் என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டிற்று. பெனிசிலின் புழக்கத்துக்கு வர இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது.

இரண்டாவது குறி, முகம் நீலம் பாய்வது. இரத்தத்தில் உயிர்வாயு குறைந்து, காதும் உதடும் கன்னமும் ஊதா நிறமாக மாறும். அந்நிறம் பரவிய நோயாளி பிழைப்பது அரிது என்று அக்கால மருத்துவர்கள் எழுதினர். இங்கே சற்று நிற்க வேண்டும். அந்த வருணனைகள் வெள்ளையர் முகத்தைப் பார்த்து எழுதப்பட்டவை. கருமை நிறத்துத் தோலில் அந்த நீலம் எளிதில் தெரியாது! நம்மவர்க்கு உதட்டின் உட்புறம், நாக்கு, ஈறு, நகக்கண் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். இது பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். கோவிட் காலத்தில் நம்மில் பலர் வாங்கி வைத்த, விரலில் மாட்டும் உயிர்வாயு அளவிகூடக் கருமை நிறத்தவரிடம் குறைபாட்டைக் கண்டுகொள்ளாமல் விடுவது மிகுதி என்று அமெரிக்காவில் 2020இல் வெளியான ஆய்வு கூறிற்று. கறுப்பின நோயாளிகளிடம் அவ்வாறு தவறியது வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு.

எண்களுக்கு வருகிறேன். தொற்று விகிதம், நோயுற்றோர் இறப்பு விகிதம், மக்கள்தொகை இறப்பு விகிதம் என மூன்று உண்டு. செய்தித்தாள்களும் புலனச் செய்திகளும் இவற்றை ஒன்றோடொன்று குழப்பிவிடுகின்றன; ஆண்டு 6 கணிதத்து விழுக்காடு தெரிந்த மாணவருக்கே இவை விளங்கும். 300 பேர் வாழும் ஒரு தோட்டத்தை எண்ணிக்கொள்ளுங்கள். உலகக் கணக்குப்படி மூன்றில் ஒருவர் நோயுற்றால் 100 பேர் படுப்பர். தொற்று விகிதம் 33 விழுக்காடு. மூவர் இறந்தால் நோயுற்றோர் இறப்பு விகிதம் 3 விழுக்காடு. தோட்டத்தின் மொத்த இறப்பு விகிதம் 1 விழுக்காடு. மலாயாவின் ஏறத்தாழ 35,000 இறப்புகள் நாட்டளவில் இந்தக் கணக்கோடு பொருந்துகின்றன. இப்பொழுது இந்தியாவை எடுத்துக்கொள்வோம். அன்றைய அரசின் கணக்கே 12.5 மில்லியன் இறப்புகள் என்றது. பிற்கால மதிப்பீடுகள் 14 முதல் 18 மில்லியன் வரை செல்கின்றன. குறைந்த கணக்கை எடுத்தாலும் மக்களுள் 4 விழுக்காடு. அங்கும் மூன்றில் ஒருவரே நோயுற்றார் என்று கொண்டால், நோயுற்ற 100 பேரில் 12 பேர் இறந்தனர் என்றாகிறது. நச்சுயிரி ஒன்றே, இறப்பு நான்கு மடங்கு!

ஏன் இந்த வேறுபாடு? பம்பாய் நகரின் கணக்கில் ஒரு பகுதி விடை இருக்கிறது. கப்பல் வழியே நோய் இந்தியாவுக்குள் நுழைந்த அந்நகரின் சுகாதாரத் துறை, இறப்புகளைச் சமூகவாரியாகப் பிரித்துப் பதிவு செய்தது. ஆயிரம் ஐரோப்பியருக்கு 8.3 பேர் இறந்தனர். ஆயிரம் சாதி இந்துக்களுக்கு 18.9. ஒடுக்கப்பட்ட சாதியினருள் ஆயிரத்துக்கு 61.6. ஒரே நகரம், ஒரே மாதங்கள். நெரிசலான குடியிருப்பு, பசித்த உடல், படுத்தவருக்குத் தண்ணீர் கொடுக்க ஆளில்லாத வீடு இவைதாம் இந்த எண்களுக்குள் இருப்பவை. மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் திரட்டி வந்தோருள் பெரும்பகுதியினர் நிலமற்ற உழவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினருமே என்பதை நினைவிற் கொண்டு இந்த எண்களைப் படிக்க வேண்டும்.

அவர்கள் நலமான உடலோடும் இருக்கவில்லை. 1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடித்து மலேரியாவைக் குறைத்துக் காட்டினார். ஆயினும் மலைச்சாரல் தோட்டங்களில் அது தொடர்ந்து உயிர் குடித்தது. கொக்கிப்புழுவை ஆராய ராக்பெல்லர் அறநிறுவனத்தின் குழு ஒன்று முதல் உலகப் போரின்பொழுதே மலாயாவுக்கு வந்தது. தோட்டத் தொழிலாளரின் இரத்தசோகைக்கு அப்புழு ஒரு முதன்மைக் காரணமாக இருந்தது. மலேரியாவாலும் புழுவாலும் இரத்தம் வற்றிய உடலில் நிமோனியா வந்து இறங்கினால் என்னாகும் என்று மருத்துவம் படித்தவர் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றைவிட என் மனத்தை மிகவும் உறுத்துவது வயதுக் கணக்கு. வழக்கமான சளிக்காய்ச்சல் கைக்குழந்தைகளையும் முதியோரையும் கொல்லும். 1918இல் அவர்களோடு 20 முதல் 40 வயது வரையிலான திடகாத்திரமான ஆண்களும் பெண்களும் பெருமளவில் இறந்தனர். பள்ளி வயதுப் பிள்ளைகள் மிகுதியாக நோயுற்றனர், ஆனால் குறைவாகவே இறந்தனர். பிள்ளைகள் பிழைத்துப் பெற்றோர் மடிந்த கொள்ளைநோய் அது. மலாயாத் தோட்டமோ உழைக்கும் வயதினரைத் தேர்ந்து கொண்டுவந்து குவித்த இடம். தாத்தா பாட்டிகள் ஊரிலேயே நின்றுவிட்டனர். நோய் எந்த வயதைத் தேடிற்றோ அந்த வயதினரே ஒரு கூரையின் கீழ் வரிசையாகப் படுத்திருந்தனர். அவர்கள் படுத்தால் கஞ்சி காய்ச்சிக் கொடுக்க மூத்தோர் எவரும் இல்லை. இந்தியாவில் ஆண்களைவிடப் பெண்கள் மிகுதியாக இறந்ததற்கு நோயாளிகளின் அருகிலிருந்து பணிவிடை செய்ததும் ஒரு காரணம் என்பர் ஆய்வாளர்; லயத்திலும் அந்தப் பணி பெண்கள் மேல்தான் விழுந்திருக்கும். அத்துடன் நாட்கூலி. பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை. காய்ச்சலோடும் பால்மரம் வெட்டப் போனால்தான் அரிசி.

அந்த அரிசியும் அடுத்த ஆண்டே அரிதாயிற்று. 1918இல் இந்தியாவில் பருவமழை பொய்த்தது. பர்மா அரிசியின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டது. உண்ணும் அரிசியில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்கிய மலாயா 1919 முதல் 1921 வரை அரிசித் தட்டுப்பாட்டில் தவித்தது.

இத்தனைக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. நம் தமிழ்ப்பள்ளி வரலாற்றில் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தை நாம் விழாதோறும் மேடையில் சொல்கிறோம். தோட்டத்தில் பள்ளி வைக்கச் சொன்ன சட்டம் அது. தொழிலாளருக்கு மருத்துவமனை வசதி செய்ய வேண்டிய பொறுப்பையும் தோட்டங்கள் மேல் சட்டம் சுமத்தியிருந்தது என்பதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. அந்த மருத்துவமனைகள் 1918 அக்டோபரில் எப்படி இருந்தன என்பதைத் தமிழில் எழுதி வைத்தவர் யார்? கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' தோன்றியது 1924இல். ஆறு ஆண்டு முந்தியிருந்தால் ஒரு வாசகர் கடிதமாவது நமக்குக் கிடைத்திருக்கும். அன்றைய ஆங்கிலத் தாள்கள் பலவற்றைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. ஆர்வமுள்ள ஆசிரியர்கள் பார்க்கலாம். அவற்றில் நம்மவர் பெரும்பாலும் 'கூலிகள்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர்.

பின்னர் வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1957இல் ஆசியச் சளிக்காய்ச்சல் மே மாதத்தில் சிங்கப்பூரை அடைந்தது. உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் பயன்படுத்திய அந்த நச்சுயிரி வகைக்குச் சிங்கப்பூரின் பெயரே வைக்கப்பட்டது. மெர்டேக்கா ஆண்டு என்பதால் நம் நினைவில் அந்நோய்க்கு இடமில்லை. 1968இல் ஹாங்காங் சளிக்காய்ச்சல். 2009இல் எச்1என்1, நம் நாட்டில் எழுபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். வாயிலில் நின்று பிள்ளைகளின் உடல்வெப்பம் பார்த்த நாள்களை அக்கால ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2009இல் ஆய்வுக்கூடத்தில் உறுதி செய்யப்பட்ட இறப்புகள் உலக அளவில் ஏறத்தாழ 18,500. பின்னர்ச் செய்த மதிப்பீடோ ஏறத்தாழ 284,000. ஆய்வுக்கூடங்கள் நிறைந்த காலத்திலேயே பதினைந்து இறப்புகளில் ஒன்றுதான் எண்ணப்பட்டது என்றால், 1918இல் மலாயாத் தோட்டங்களின் கணக்கை எவ்வளவு நம்புவது?

பெற்றோர்களே, உங்கள் கேள்விக்கு விடை இதுதான். திடீர்க் காய்ச்சலும் உடல்வலியும் கண்ட பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். குறிகள் தோன்றுவதற்கு ஒரு நாள் முன்னரே பிள்ளை நோயைப் பரப்பத் தொடங்கிவிடும். மருந்தின்றிக் காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் கழியும் வரை வீட்டில் இருக்கட்டும். காலையில் மருந்தைக் கொடுத்து வேனில் ஏற்றிவிட்டால், பதினொரு மணிக்கு மருந்து இறங்கும்பொழுது வகுப்பே அதற்கு ஆளாகியிருக்கும். வேலைக்கு விடுப்பு எடுக்க இயலாத தாய்மார் நிலை எனக்குத் தெரியும். பேர் விழாத நாளுக்குச் சம்பளமில்லாத வேலைகள் இன்னும் இருக்கின்றன. ஆசிரியர்களும் அதையறிந்தே பேச வேண்டும். சிறுவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். மூச்சு விரைந்து வாங்கினால், விலா உள்வாங்கினால், தண்ணீர் குடிக்க மறுத்தால், எழுப்பியும் எழாமல் மயங்கிக் கிடந்தால், உதட்டின் உட்புறமோ நாக்கோ நீலம் பாய்ந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று நாளில் மீண்டும் ஏறினால் அதை "போன காய்ச்சல்தான் திரும்பிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள். 1918இல் கொன்றது பெரும்பாலும் அந்த இரண்டாவது காய்ச்சலே. ஆண்டுக்கொரு முறை போடும் தடுப்பூசி ஆறு மாதம் நிறைந்த குழந்தை முதல் அனைவருக்கும் உண்டு.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உலு லங்காட், காஜாங், கிள்ளான் பகுதிகளில் பழைய தோட்டத்துப் பள்ளிகளில் பணியாற்றுவோர், தோட்டத்து மருத்துவமனைப் பதிவேடோ, 1918, 1919 ஆண்டுகள் பொறித்த கல்லறைக் கல்லோ, தாத்தா பாட்டி வழியாகக் கேட்ட செய்தியோ கிடைத்தால் எனக்கு எழுதுங்கள். வீட்டுமனைத் திட்டங்களுக்காகத் தோட்டங்கள் விற்கப்படும்பொழுது முதலில் மறைவது இடுகாடுதான். படமெடுத்து, இடத்தையும் நாளையும் குறித்து வைத்தாலே போதும்.